மரத்தின் உருவமும் கலைஞரின் பெயரும்

நுழையும் முன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரங்களையும் செடிகொடிகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிய ஓவியங்கள், இன்று உயர்தர அச்சுப்படிகளாக வீடுகளின் சுவர்களை அணிசெய்கின்றன. அவற்றை அழகுப் பொருள்களாக மட்டும் காண்பதா? அவற்றுள் ஒரு மரத்தின் வரலாறும் ஒரு மனிதரின் உழைப்பும் பொதிந்துள்ளனவே! அத்தகைய படங்களைப் பார்த்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மரமும் நிலமும்

மாணவர்களே! நிலத்தைத் தாவரத்தின் பெயரால் அழைத்தது தமிழ் மரபு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணைப் பெயர்களும் தாவரங்களின் பெயர்களே. குறிஞ்சி மலைச்செடி, முல்லை கொடி, நெய்தல் நீர்ப்பூ, மருதமும் பாலையும் மரங்கள். வயல் சூழ்ந்த நிலத்தை நினைத்த நம் முன்னோர், அங்கு நின்ற மருத மரத்தையே முதலில் நினைத்தனர். கோயில்களிலும் இம்மரபு தொடர்கிறது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் மாமரமும், மதுரையில் கடம்பும், சிதம்பரத்தில் தில்லையும் தலமரங்களாகப் போற்றப்படுகின்றன.

மரத்தையும் நிலத்தையும் ஒன்றாகக் கண்ட நம் நாட்டில், அவற்றைத் தாளில் தீட்டும் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருமளவில் நடைபெற்றது. அப்பணியைச் செய்தவர் யார்? அவர்கள் வரைந்தவை எவ்வாறு நம் கைக்கு வந்தன? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நீர்வண்ணம் என்பது யாது?

நிறமித் தூளைக் கோந்துடன் கலந்து, நீரில் கரைத்துத் தாளில் தீட்டுவது நீர்வண்ணம் ஆகும். கோந்து, நிறத்தைத் தாளுடன் ஒட்டச் செய்கிறது. நீர் உலர்ந்ததும் மெல்லிய நிறப்படலம் தாளின்மேல் தங்குகிறது. ஒளி அப்படலத்தை ஊடுருவி, அடியிலுள்ள வெண்தாளில் பட்டுத் திரும்புகிறது. நீர்வண்ண ஓவியத்தின் ஒளிர்வுக்கு இதுவே காரணம்.

இம்முறையில் வெள்ளை நிறத்தைப் பெரும்பாலும் தீட்டுவதில்லை. வெண்மை வேண்டிய இடத்தில் தாளை வெறுமையாக விட்டுவிடுவர். ஆகவே, இலையின்மேல் வெயில் படும் இடம் எது என்பதைத் தூரிகையை எடுக்குமுன்பே ஓவியர் முடிவு செய்துகொள்ள வேண்டும். வெளிர்நிறத்தை முதலிலும் அடர்நிறத்தைப் பின்னரும் படிப்படியாக ஏற்ற வேண்டும். தவறிய இடத்தைத் திருத்துவது அரிது.

இந்த ஓவியத்துக்கு ஒரு குறையும் உண்டு. தொடர்ந்து ஒளி பட்டால் நிறம் மங்கும். எனவே அருங்காட்சியகங்கள் இவற்றை இருளான பெட்டகங்களில் பாதுகாக்கின்றன. குறைந்த ஒளியில், சில காலம் மட்டுமே காட்சிக்கு வைக்கின்றன. மூல ஓவியத்தை எல்லாரும் எந்நாளும் காண இயலாது. அதனால்தான் அச்சுப்படி இன்றியமையாததாகிறது.

இருவகைப் பார்வை

மரத்தை வரைந்தவர்கள் இருவகைப்படுவர். ஒரு வகையினர் நிலக்காட்சி ஓவியர்கள். அவர்களுக்கு மரம் முழுமையாக வேண்டும். அது எங்கே நிற்கிறது, எவ்வளவு நிழல் தருகிறது, அதன் பின்னே மலை உண்டா, அடியில் மனிதர் அமர்ந்துள்ளனரா என்பவை அவர்களுக்கு முக்கியம். தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தவரின் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இங்கிலாந்து ஓவியர் இருவரும் 1792 இல் சென்னையிலிருந்து தெற்கு நோக்கிப் பயணம் செய்தனர். பாபநாசம் அருவியையும், களக்காட்டுப் பகுதியிலிருந்து தெரியும் மலைகளையும் வரைந்தனர். அவர்களுடைய இந்தியக் காட்சிகள் 144, 1795 முதல் 1808 வரை இலண்டனில் அச்சுப்படங்களாக வெளிவந்தன. கயாவில் இருந்த புனித ஆலமரம் அவற்றுள் ஒன்று. பின்னர் ரிச்சர்டு பாரன் என்னும் படை அதிகாரி வரைந்த நீலகிரிக் காட்சிகள் 1837 இல் அச்சாயின.

மற்றொரு வகையினர் தாவர ஓவியர்கள். அவர்களுக்கு முழு மரமும் வேண்டுவதில்லை. ஒரு கிளை போதும். அக்கிளையில் இலை எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது, இலைநரம்பு எப்படி ஓடுகிறது, பூவில் இதழ் எத்தனை, காயைப் பிளந்தால் விதை எவ்வாறு அமைந்துள்ளது என்பவற்றையெல்லாம் அவர்கள் பிழையின்றிக் காட்டியாக வேண்டும். தாளின் நடுவே கிளையும், அடியில் பூவின் பகுதிகள் பெரிதாக்கப்பட்டும் இருப்பது இப்படங்களின் அமைப்பு.

நிலக்காட்சி, ‘இம்மரம் இங்கே நின்றது’ என்கிறது. தாவர ஓவியம், ‘இம்மரம் இன்னது’ என்கிறது. ஒரு மரத்தை முழுமையாக அறிய இவ்விரண்டும் வேண்டும்.

பெயர் பதியாத கைகள்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியில் பணியாற்றிய மருத்துவர் பலர் தாவர ஆய்விலும் ஈடுபட்டனர். அக்காலத்தில் மருந்துகள் பெரும்பாலும் தாவரங்களிலிருந்தே கிடைத்தமையால், தாவர அறிவு மருத்துவருக்குத் தேவையாயிற்று. அவர்களுள் ஒருவர் வில்லியம் ராக்ஸ்பர்க். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் காக்கிநாடா அருகிலுள்ள சாமல்கோட்டையில் அவர் தங்கி ஆய்வு செய்தார். உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான தாவரங்களை வரையச் செய்தார். அவற்றுள் 300 படங்கள் 1795 முதல் 1820 வரை இலண்டனில் மூன்று தொகுதிகளாக அச்சிடப்பட்டன. சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் என்பது அந்நூலின் பொருள். தேக்கும், நாம் புரசு என்றும் தெலுங்கர் மோதுக என்றும் அழைக்கும் மரமும் அதில் உள்ளன.

அந்நூலில் ராக்ஸ்பர்க்கின் பெயர் உள்ளது. தகட்டில் செதுக்கிய ஆங்கிலேயரின் பெயரும் உள்ளது. ஆனால் சாமல்கோட்டையில் செடியின் முன் அமர்ந்து அதனை முதன்முதலில் தீட்டிய இந்திய ஓவியர்களின் பெயர்கள் அப்படங்களில் இடம்பெறவில்லை. கண்ணும் கையும் அவர்களுடையவை. பெயர் மட்டும் இல்லை.

ரங்கையாவும் கோவிந்துவும்

இந்நிலை சென்னை மாகாணத்தில் ஓரளவு மாறியது. அம்மாற்றத்துடன் தொடர்புடையவர் இராபர்ட் வைட். ஸ்காட்லாந்தில் 1796 இல் பிறந்த இவர், 1819 இல் கும்பினி மருத்துவராகத் தென்னிந்தியாவுக்கு வந்தார். நாகப்பட்டினத்திலும் பின்னர்க் கோயம்புத்தூரிலும் பணியாற்றினார். நீலகிரி முதலிய மலைகளில் தாவரங்களைத் திரட்டினார். 1853 இல் தாயகம் திரும்பும்வரை அவருடைய ஆய்வு தொடர்ந்தது.

வைட்டுக்காக வரைந்த தலைமை ஓவியர்கள் இருவர். முதலாமவர் ரங்கையா, 1820களிலிருந்து 1840களின் நடுப்பகுதி வரை வரைந்தார். அவருக்குப் பின் கோவிந்து அப்பணியை ஏற்றார். இவ்விருவரும் தஞ்சைப் பகுதியில் குடியேறிய, தெலுங்கு பேசும் ஓவியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அக்காலத் தஞ்சை, ஓவியர்களுக்குப் புகலிடமாக விளங்கியது. 1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியும் தாவரங்கள், விலங்குகள் ஆகியவற்றின் படங்களை வரையச் செய்தவரே.

மாணவர்களே, இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். தெலுங்கு பேசும் குடும்பத்தினர் தமிழகத்தில் வாழ்ந்து, தமிழ் நிலத்தின் மரங்களைத் தீட்டினர். தமிழ் பேசும் குடும்பத்தினராகிய நாம் இன்று தெலுங்கு நிலத்தின் மர நிழலில் வாழ்கிறோம். மொழிகளிடையே மக்கள் இடம்பெயர்வது புதிதன்று. இடம்பெயர்ந்தவர்கள் சென்ற மண்ணைக் கூர்ந்து நோக்கினால், அம்மண்ணுக்கே அழியாச் செல்வத்தைத் தர இயலும் என்பதற்கு இவ்விருவரும் சான்று.

வைட் வெளியிட்ட நூல்களுள் மிகப் பெரியது, 1838 முதல் 1853 வரை சென்னையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்த இந்தியத் தாவரப் படத்தொகுப்பு. அதில் 2101 படங்கள் உள்ளன. படங்களின் அடியில் சிறிய எழுத்துகளில் வரைந்தவரின் பெயர் பொறிக்கப்பட்டது. ‘ரங்கையா’ என்றோ ‘கோவிந்து’ என்றோ எழுதி, அதனை அடுத்து ‘டெல்’ என்னும் இலத்தீன் சுருக்கம் காணப்படும். ‘வரைந்தார்’ என்பது அதன் பொருள். ‘லித்’ என்பது கல்லச்சில் ஏற்றியவரையும், ‘ஸ்கல்ப்’ என்பது தகட்டில் செதுக்கியவரையும் குறிக்கும்.

வைட் மேலும் ஒரு சிறப்புச் செய்தார். ஆர்க்கிட் இனத் தாவரம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரால் ‘கோவிந்தூயியா’ என்று பேரினப் பெயர் சூட்டினார். இன்று அத்தாவரத்தை வேறொரு பேரினத்தில் சேர்த்துள்ளனர். ஆயினும், ஓர் இந்திய ஓவியரின் பெயரைத் தாவரத்துக்கு இட்ட செய்தி அறிவியல் ஏடுகளில் நிலைத்துவிட்டது.

கல்லச்சு

தீட்டிய படம் ஒன்றே. அதனை நூற்றுக்கணக்கானோர் காண வேண்டுமாயின் படியெடுக்க வேண்டும். டேனியல்கள் பயன்படுத்தியது செப்புத்தகட்டு முறை. தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரிக்கச் செய்து, நீர்வண்ணத்தின் சாயலைப் போன்ற நிழற்படிவைப் பெற்றனர். வைட் பயன்படுத்தியது கல்லச்சு முறை. ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதனைக் கண்டறிந்தார்.

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்னும் எளிய உண்மையே கல்லச்சின் அடிப்படை. அதன் படிநிலைகள் பின்வருமாறு:

1. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லின்மேல் கொழுப்புக் கலந்த மையால் படத்தை வரைவர்.

2. கோந்தும் மிகச் சிறிதளவு அமிலமும் கலந்த கரைசலைக் கல்லின்மேல் பூசுவர். வரையாத பகுதி நீரை ஏற்கும் தன்மை பெறும்.

3. கல்லை நீரால் நனைப்பர். கோடுகள் நீரை ஏற்கா; மற்ற இடம் நீரை ஏற்கும்.

4. எண்ணெய் மையை உருளையால் ஏற்றுவர். மை கோடுகளில் மட்டும் ஒட்டும்.

5. தாளை வைத்து அழுத்துவர். படம் தாளில் பதியும்.

கல்லில் நேரே வரைந்தால், தாளில் இடம் வலமாக மாறிப் பதியும். ஆகவே, கல்லில் எதிர்ப்புறமாக வரைய வேண்டும். அல்லது தனித்தாளில் வரைந்து கல்லுக்கு மாற்ற வேண்டும். இவ்வாறு கிடைப்பது கறுப்புக் கோட்டுப்படம் மட்டுமே. வைட்டின் பெருந்தொகுப்பு பெரும்பாலும் நிறமின்றியே வெளிவந்தது. நீலகிரித் தாவரங்கள் பற்றி அவர் 1846 முதல் 1851 வரை வெளியிட்ட நூலில் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினர். ஒரே படத்தின் இரு படிகளில் பச்சை நிறம் சற்றே வேறுபடலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதரின் தூரிகை பட்டிருக்கிறது.

இன்றைய கலைப்படி

ரங்கையா, கோவிந்து ஆகியோரின் மூல ஓவியங்கள் பல, ஸ்காட்லாந்தின் எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அத்தோட்டம் 2007 இல் வைட்டைப் பற்றியும் அவ்விருவரின் ஓவியங்களைப் பற்றியும் மூன்று தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டது. அந்நூலின் தலைப்பில் வைட்டின் பெயருடன் ரங்கையா, கோவிந்து என்னும் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. மூலையில் சிற்றெழுத்தில் இருந்த பெயர்கள், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் நூலின் முகப்புக்கு வந்தன. மூலையில் பொறித்திருந்ததால்தான் அவற்றை முகப்புக்குக் கொண்டுவர முடிந்தது.

பழைய நீர்வண்ண ஓவியங்களுக்கு இன்று கணினிவழி அச்சுப்படிகள் எடுக்கப்படுகின்றன. மூல ஓவியத்தை மிக நுண்ணிய அளவில் ஸ்கேன் செய்வர். அதன் நிறத்தைத் திரையில் சரிபார்ப்பர். எளிதில் மங்காத நிறமி மையைக் கொண்டு, அமிலத்தன்மை நீக்கிய பருத்தித் தாளில் அச்சிடுவர். இதனைக் கலைப்படி எனலாம். சாதாரணத் தாளில் அமிலம் இருப்பதால் காலப்போக்கில் அது பழுப்பேறி முறியும். பருத்தித் தாள் நெடுங்காலம் நிற்கும்.

எனினும் கலைப்படி மூலம் ஆகாது. தாளின் மேடுபள்ளமும், கோந்தின் மெல்லிய பளபளப்பும், ஓவியர் முதலில் இட்ட பென்சில் கோடும் படியில் முழுமையாகத் தெரியா. சுவருக்கு ஏற்பப் படத்தைப் பெரிதாக்கினால், உள்ளங்கை அளவான இலை முறம்போல் தோன்றும். அடியிலுள்ள பெயரை வெட்டிவிட்டு அச்சிட்டால், இழப்பு இன்னும் பெரிது. அழகு குறையாது, ஆனால் அது யாருடைய அழகு என்பது மறைந்துவிடும்.

எனவே, மரத்தின் படம் ஒன்றைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இது என்ன மரம்? இதனை வரைந்தவர் யார்? இது எம்முறையில் படியெடுக்கப்பட்டது? இம்மூன்றுக்கும் விடை கூறும் படமே முழுமையான படம்.

நம்மைச் சூழ்ந்த மரங்கள்

மரம் நிலையானது என்று எண்ணுகிறோம். சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்திலிருந்த புகழ்பெற்ற ஆலமரத்தின் நடுமரம் 1989 இல் புயற்காற்றில் சாய்ந்தது. விழுதுகள் ஊன்றிய பகுதிகளே இன்று நிற்கின்றன. தெலங்கானாவின் மகபூப்நகர் அருகே ‘பில்லலமர்ரி’ என்னும் பல நூற்றாண்டு கண்ட ஆலமரம் உள்ளது. ‘பிள்ளைகளின் ஆல்’ என்பது அப்பெயரின் பொருள். கரையான் அரித்து அதன் கிளைகள் முறிந்தபோது, 2018 இல் நோயாளிக்கு ஏற்றுவதுபோல் மருந்து நீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி அதனைக் காத்தனர். மரமும் மறையக்கூடியதே. மறையுமுன் அதனைக் கூர்ந்து நோக்கிப் பதிவு செய்வது மரத்துக்கு நாம் ஆற்றும் கடமை.

நம் நகர்த் தெருக்களிலும் பள்ளி வளாகங்களிலும் காணும் மரங்களுக்கு இரு மொழிப் பெயர்கள் உள்ளன. வேம்பு தெலுங்கில் வேப, புளி, சிந்த, ஆல், மர்ரி, அரசு, ராவி, புங்கு, கானுக. வேம்பும் வேபவும் உடன்பிறந்த சொற்கள் என்பதைக் கேட்டவுடனே உணரலாம். இரு பெயர்களையும் அறிந்த பிள்ளைக்கு ஒரே மரம் இரு வாசல்களைத் திறக்கிறது.

நாம் வாழும் ஏ.எஸ்.ராவ் நகர், 1967 இல் தொடங்கப்பட்ட இந்திய மின்னணுக் கழகத்தை உருவாக்கிய அறிவியலாளர் அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கியுள்ளது. முகவரி எழுதும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ, அவர் பெயரை நாம் எழுதுகிறோம். உழைத்தவரின் பெயரை ஊர் காப்பது நல்ல மரபு. ஓர் ஓவியத்தின் மூலையிலுள்ள சிறிய பெயரைப் படித்துச் சொல்வதும் அம்மரபைச் சேர்ந்ததே.

சொற்பொருள்

நிறமி – நிறம் தரும் பொருள்
கோந்து – மரப்பிசின், ஒட்டும் பசை
தூரிகை – வண்ணம் தீட்டும் கோல்
தலமரம் – கோயிலுக்கு உரிய மரம்
கும்பினி – வணிகக் குழுமம்
பேரினம் – நெருங்கிய தாவர வகைகளின் தொகுதி
பெட்டகம் – பாதுகாப்புப் பெட்டி
முறம் – தானியம் புடைக்கும் கருவி, சுளகு
விழுது – ஆலின் கிளையிலிருந்து இறங்கும் வேர்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. நீர்வண்ண ஓவியம் ஒளிர்வுடன் தோன்றக் காரணம் யாது?

2. ‘டெல்’, ‘லித்’, ‘ஸ்கல்ப்’ என்னும் சுருக்கங்கள் எவற்றைக் குறிக்கின்றன?

3. கல்லச்சின் அடிப்படை உண்மை யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.

1. நிலக்காட்சி ஓவியத்துக்கும் தாவர ஓவியத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

2. ராக்ஸ்பர்க் நூலின் படங்களையும் வைட் நூலின் படங்களையும் ஓவியர் பெயர் குறித்து ஒப்பிடுக.

இ. பிரித்து எழுதுக.

வெண்தாள், ஐந்திணை, சிற்றெழுத்து, பருத்தித்தாள்

ஈ. செயல்பாடு

உங்கள் வீட்டருகிலுள்ள மரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் தாளில் அம்மரம் நிற்கும் இடத்துடன் முழு உருவத்தை வரையுங்கள். இரண்டாம் தாளில், உதிர்ந்து கிடக்கும் இலை, பூ, காய் ஆகியவற்றை நரம்பும் விளிம்பும் தெரியுமாறு வரையுங்கள். கிளையை ஒடிக்க வேண்டா. மரத்தின் பெயரைத் தமிழிலும், தெலுங்குப் பெயரைத் தமிழ் எழுத்திலும் எழுதுங்கள். அப்பெயரை உங்கள் தாத்தா பாட்டியிடமும் தெலுங்கு பேசும் நண்பரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். நாளும் இடமும் குறியுங்கள். இறுதியாக, வலப்பக்க மூலையில் உங்கள் பெயரை எழுதி, ‘வரைந்தவர்’ எனச் சேர்க்க மறவாதீர்கள்.